மேட்டுத் தெரு வால்வு

நான்காம் நாள் காலையிலும் குழாய் காற்றைத்தான் விட்டது. திருகியதும் உள்ளே யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம், பிறகு ஒரு சீறல், அத்தோடு சரி. ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிற மனுஷன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்று காலி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

“பாத்துக்கிட்டே இருந்தா ஊறிடுமா?” என்றேன்.

“மேட்டு லைன்ல அடைப்பு. குழாய் அவ்வளவும் துரு. இன்ஜினியர்கிட்ட சொல்லியாச்சு.”

இதை அவர் வாளியிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. புதன்கிழமை சாயங்காலத்திலிருந்தே அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். கவனிப்பது என் பழக்கம். சந்தேக புத்தி என்று என் மாமியார் கல்யாணமான ஒரே வாரத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தப் புத்திக்குத்தான் கம்பெனியில் எனக்குச் சம்பளம். பதினான்கு வருஷமாகச் சட்டைக் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்து, திருப்பி, தடவி, விட்டுப்போன தையல், ஊசி குத்திய ஓட்டை, எண்ணெய்க் கறை எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்ட வேண்டும். நான் பார்த்து அனுப்பிய உருப்படி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே குற்றம் கண்டுபிடித்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா?

வீட்டுக்காரர் நகராட்சியில் வால்வுக்காரர். தோள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்கே ஒரு கம்பி. காலையில் அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், தெருத் தெருவாக மூடியைத் தூக்கி, குழிக்குள் சாவியை இறக்கிச் சுற்றுவார். பள்ளத் தெருவுக்கு எத்தனை சுற்று, மேட்டுத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் கிடையாது, அவர் மண்டைக்குள் இருக்கிறது. நாங்கள் மேட்டுத் தெருவில் இரண்டாவது மாடி. நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம்தான் வரும், அதுவும் செம்மண்ணைக் கரைத்த நிறத்தில். மாடிக் குழாயில் நூலாகத்தான் வடியும், மீதியைக் கீழே பிடித்து, மேலே சுமந்து, வடிகட்டி, காய்ச்சி. என் இடுப்பில் குடம் பதிந்த தழும்பு இருக்கிறது. வால்வுக்காரர் சம்சாரத்துக்கே இந்தக் கதி.

இந்த நேரத்தில்தான் நகராட்சி வாசலில் அந்த நோட்டீஸ் ஒட்டினார்கள். மேலிடத்திலிருந்து ஒரு தொகை வந்திருக்கிறது, விளையாட்டுத் திடல் கட்டவா, மேட்டுத் தெருவின் பழைய குழாய்களை மாற்றவா, இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பொது மண்டபத்தில் மக்கள் கையைத் தூக்கி முடிவு சொல்லலாம். அன்றிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது. திடல் கட்சிக்குப் பெரிய பள்ளிக்கூடத்தின் ஓட்டப் பயிற்சியாளர் தலைமை. தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்பார்கள், அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயரே விசில். குழாய்க் கட்சிக்கு இரும்புக் கடைக்காரர். அவர் கடையில் என்ன விற்கிறார் என்றால், குழாய். எனக்கு இரண்டு பேர் மீதும் நம்பிக்கை இல்லை. ஆனால் இடுப்பில் தழும்பு எனக்கல்லவா இருக்கிறது, அதனால் இரும்புக் கடைக்காரர் பக்கம் போய் நின்றேன்.

அந்தக் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தண்ணீர் நின்றது. இரும்புக் கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற என்னிடம் வந்து குசுகுசுவென்று சொன்னார். “நீங்கதான்மா பேசணும். வால்வுக்காரர் சம்சாரமே வந்து நாலு நாளா தண்ணி இல்லன்னு சொன்னா, அதுக்கு மேல ஒரு பய வாயத் தொறக்க மாட்டான். குடத்தையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டு சொட்டு கண்ணீர் வந்தா இன்னும் நல்லது.”

“தண்ணியே இல்லங்கறேன், கண்ணீருக்கு எங்க போவேன்?” என்றேன். அவர் அதையும் மேடையில் சொல்லச் சொன்னார்.

திடல் கட்சியோ இது நாடகம் என்றது. கூட்டத்துக்காக யாரோ வேண்டுமென்றே மூடிவிட்டார்கள் என்று தெருமுனையில் பேசிக்கொண்டார்கள், நான் போனதும் பேச்சை மாற்றினார்கள். யாரோ என்றால் யார்? சாவி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தானே சாய்ந்திருக்கிறது? எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பொய் சொல்லித்தான் ஜெயிக்க வேண்டும் என்கிற நிலைமையில் நாங்கள் இல்லை, வந்து என் இடுப்பைப் பாருங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. இடுப்பைக் காட்டிக் கத்த முடியாது என்பதால் பேசாமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கம்பெனியில் அரை நாள் வேலை. மதியம் வந்து, அழுக்குத் துணிக் கூடையைத் தரையில் கொட்டினேன். துவைக்கத் தண்ணீர் இல்லை, எதையாவது உதறி இன்னொரு தடவை போட முடியுமா என்று பார்க்கத்தான். வீட்டுக்காரரின் புதன்கிழமைச் சட்டையை உதறினேன். பையிலிருந்து என்னவோ தரையில் விழுந்து சிணுங்கியது. குனிந்து பார்த்தால் ஊக்கு. ஒன்றல்ல, நாலு. சின்னவை, புதியவை.

தண்ணீர் வந்திருந்தால் அந்தச் சட்டையை வியாழக்கிழமையே சோப்புத் தண்ணீரில் அமுக்கியிருப்பேன், ஊக்குகள் கால்வாயோடு போயிருக்கும். எங்கள் கம்பெனியில் ஊக்கு என்றால் சும்மா இல்லை. ஓர் ஊசி உடைந்தாலும் அதன் எல்லாத் துண்டும் கைக்கு வரும்வரை அந்த மெஷினை ஓட்டக்கூடாது. துண்டுகளை ஒட்டி வைத்துப் பார்த்து, முழு ஊசி ஆயிற்று என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த தையல். எவளோ ஒரு தாயின் குழந்தை நாளைக்கு அந்தச் சட்டையைப் போடப் போகிறது என்பார் சூப்பர்வைசர். நான் நாலு ஊக்கையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஓர் ஆம்பளையின் சட்டைப் பையில் ஊக்கு எதற்கு? எனக்குத் தெரிந்து ஊக்கு குத்துகிறவர்கள் பெண்கள். அவர் புதன்கிழமை விடியுமுன் கிளம்பிப் போனதும், இருட்டுகிற நேரத்தில் முகமெல்லாம் வெயில் குடித்துத் திரும்பியதும், முகம் பார்க்காமல் பேசுவதும் ஒவ்வொன்றாக வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவளுக்கு வயது, நிறம், சிரிப்பு எல்லாம் கொடுத்துவிட்டேன்.

மகள் டியூஷன் முடிந்து வந்தாள். பதினாறு வயது, முழங்காலில் எப்போதும் ஏதாவது ஒரு காயம். ஓடுவதற்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே இடம் கிடங்குக்குப் பின்னால் லாரி போகிற சாலை. போன மாதம் அங்கே குழியில் விழுந்து கால் வீங்கி வந்தபோது, பரீட்சை முடிகிற வரைக்கும் ஓட்டமும் கிடையாது பந்தயமும் கிடையாது என்று நான் சொல்லியிருந்தேன். பையை இறக்கியவளின் கண் மேசைக்குப் போனது. முகம் வெளுத்தது.

“இது யாரோடது?” என்றேன்.

“என்னோடதும்மா.”

“உனக்கு எதுக்கு நாலு?”

“நம்பர் குத்த. முதுகுல.”

பக்கத்து ஊர் மைதானத்தில் புதன்கிழமை பந்தயம். என்னிடம் சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு அப்பாவும் மகளும் முதல் பஸ் பிடித்திருக்கிறார்கள். நம்பர் துணியை முதுகில் வைத்து நாலு மூலையிலும் ஊக்குக் குத்தியவர் அவர். ஓடி முடித்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவரும் அவர். நானூறு மீட்டரில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். மெடலை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்றாள். என் சமையலறையில், என் அரிசி டப்பாவுக்குப் பின்னால். அந்த இன்னொரு பெண்ணே இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள், நான் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் குடம் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா விட்டிருப்பியா?” என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நாலு நாளா இருக்கேன். தண்ணிய மூடச் சொன்னது நீதானே? திடல் வரக்கூடாதுன்னு?”

சந்தேகம் என்பது நான் அடுத்தவர்கள் மீது வைப்பது, என் மீது வைக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. ஆனால் அவள் கேட்டதிலிருந்து இன்னொன்று என் மண்டையில் உறைத்தது. புதன்கிழமை இவர் மைதானத்தில் நின்றார் என்றால், மேட்டுத் தெரு வால்வைச் சுற்றியது யார்?

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். ஊக்குகளைப் பார்த்ததும் அவர் பூசி மெழுகவெல்லாம் முயலவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சாவியைப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளை முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

“தண்ணி ஏத்துற பம்புக்காரன்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போனேன். பள்ளத் தெருவ மூடிட்டு, மேட்டுத் தெருவத் தொறந்துடுடான்னேன். தொறந்துதான்டி இருக்கான். எல்லா வால்வும் இடது பக்கம் சுத்தினா தொறக்கும். மேட்டுத் தெரு வால்வு மட்டும் பழசு, அது தலைகீழு. இடது பக்கம் சுத்தினா மூடும். தண்ணி வரலன்னதும் அவன் இன்னும் இறுக்கிச் சுத்தியிருக்கான். உள்ள தகடு இறங்கி மாட்டிக்கிச்சு.”

“தலைகீழுன்னு அவன்கிட்ட சொல்லலையா?”

“யார்கிட்டயும் சொன்னதில்ல.” உள்ளங்கைக் காய்ப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். “என்கிட்ட மட்டும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன். நான் இல்லன்னா நடக்காதுன்னு ஊர்ல ஒண்ணாவது இருக்கணும்ல.”

மூன்று நாளாக விடியற்காலையில் தனியாகப் போய் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓர் ஆள் பலத்துக்கு அது அசையவில்லை. பகலில் பம்புக்காரரோடு போய் நின்றால் ஊர் கேட்கும். கேட்டால், லீவு போடாமல் பந்தயம் பார்க்கப் போனதும் தெரியும், வேலை போகும். அதனால் இன்ஜினியரிடம் அடைப்பு என்று சொல்லிவிட்டார். இன்ஜினியர் எங்கள் கட்சி ஆள்களிடம் துரு என்று சொன்னார். அந்தத் துருவைப் பற்றித்தான் நான் நாளைக்கு மேடையேறிக் கண்ணீர் விட வேண்டும். குழாய் துருப்பிடித்தது என்பது பொய்யில்லை. மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு நான் எடுத்துக் காட்டப்போகிற இந்த நாலு நாள், பொய். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஓட்டையை என் விரலால் மறைத்துக்கொண்டு ஓர் உருப்படியை நல்லது என்று அனுப்பப் போகிறேன்.

“நாளைக்குப் பத்து மணிக்கு நான் பேசணும்” என்றேன். “அதுக்குள்ள பம்புக்காரரையும் கூட்டிட்டுப் போய்த் தொறங்க. ஊர் பாத்தாப் பாக்கட்டும்.”

“நீ என்ன பேசப்போற?”

“தெரியல.”

நிஜமாகவே தெரியவில்லை. அவர் நம்பினாரா என்பதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேட்டுத் தெருவே பூட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பியது. மகள் என்னோடு பேசாமல் பத்தடி முன்னால் நடந்தாள். மண்டபப் படியில் விசில் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வந்தார். கிட்டே பார்த்தால் சின்ன வயசுதான், சட்டைக் காலர் நைந்து நூல் பிரிந்திருந்தது.

“அக்கா, புதன்கிழமை அண்ணனை கிரவுண்டுல பாத்தேன். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.” விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். “பாப்பாவ மட்டும் ஓட விடுங்கக்கா.”

இது உதவியா, மிரட்டலா? சொல்ல மாட்டேன் என்று ஒருவர் படியில் நிறுத்திச் சொல்கிறார் என்றால், சொல்ல முடியும் என்பதையும் சேர்த்துத்தானே சொல்கிறார்? அவர் கட்சி ஜெயிப்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வால்வுக்காரர் அன்றைக்கு வேலையில் இல்லை என்று எழுந்து சொன்னால் எங்கள் நாடகம் அங்கேயே முடிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவர் ஏன் சும்மா இருக்கிறார்? அந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்புக்குறி ஒட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்காக நம்பிவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

மண்டபம் பிதுங்கியது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் ஆள் நடக்கிற வழி. நகராட்சித் தலைவர் அம்மா இரண்டு தடவை மணியடித்தார். விசில் பேசினார், பிள்ளைகள் லாரிக்கு நடுவில் ஓடுவதைச் சொன்னார், முழங்கால்களைச் சொன்னார். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், நாலு நாளா குளிக்காம உக்காந்திருக்கோம், பக்கத்துல வந்து மோந்து பாருய்யா என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து, மூடினவனக் கேளு என்று பதில் வந்தது. அது என் காதுக்காகச் சொல்லப்பட்டது. விசில் கையைக் காட்டித் தன் ஆள்களை உட்காரச் சொன்னார். புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவரும் உட்கார்ந்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். இரும்புக் கடைக்காரர் குடத்தை என் கையில் திணித்தார். அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடந்தேன். என் இன்னொரு கையில் நாலு ஊக்கு இருந்தது. காலையில் கிளம்பும்போது ஏன் எடுத்தேன் என்று தெரியாது, மேசையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மைக்கின் முன்னால் நின்றபோது கடைசி வரிசையில் மகள் தெரிந்தாள். பந்தயத்தில் போட்ட அதே வெள்ளைப் பனியன், துவைக்காதது. என்னைப் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள், முதுகு முழுக்க எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. தோள்பட்டைக்குக் கீழே இரண்டு, இடுப்புக்கு மேலே இரண்டு. ஊக்குக் குத்திய ஓட்டைகள்.

“தண்ணி நின்னது துருவால இல்லீங்க” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “புதன்கிழமை வால்வச் சுத்தினது என் வீட்டுக்காரர் இல்ல. அவர் அன்னைக்கு—”

அப்போது வெளியே, மண்டபத்து வாசல் குழாய் செருமியது. மண்டபமும் மேட்டு லைன்தான், நாலு நாளாக யாரும் மூடாமல் விட்ட குழாய். ஒரு தடவை செருமி, சீறி, பிறகு சடசடவென்று தொட்டியில் கொட்டுகிற சத்தம் வந்தது. அடுத்த கணம் யாரோ ஒரு பெண் “ஐயோ, எங்க வீட்டுக் குழா!” என்று அலறினாள். எல்லார் வீட்டிலும் குழாய் திறந்துதான் கிடந்தது, எல்லார் வீடும் பூட்டித்தான் கிடந்தது. நாற்காலிகள் சரிந்தன. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றில்லாமல் ஒரே வாசலில் அத்தனை பேரும் முண்டியடித்தார்கள். பாத்தியா, தொறந்துட்டாங்க, பாத்தியா, என்று போகிற போக்கில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. இரும்புக் கடைக்காரர் என்னை எரித்துவிடுவது மாதிரி பார்த்துவிட்டு, அவரும் ஓடினார்.

மண்டபத்தில் நாலு பேர் மிஞ்சினோம். தலைவர் அம்மா மணியைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் எழுந்து நின்றவர் ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை. மகள் ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தாள். நாலு நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வருவாங்க” என்றார் தலைவர் அம்மா. “வாளிய வச்சுட்டு வந்துடுவாங்க. கை தூக்கணும்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே. எனக்குச் சரியாக் காதுல விழல. வேணும்னா உக்காருங்க, எல்லாரும் வந்ததும் பாத்துக்கலாம்” என்றார். அவருக்குக் காதில் விழவில்லை என்பதை நான் நம்பவில்லை.

உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் பாதகமில்லை. தண்ணீர் வந்துவிட்டது, அவருடைய வேலை இருக்கும், நான் பாதியில் விட்ட வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நான் கையை விரித்து ஊக்குகளை மைக் மேசையில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மைக் இன்னும் அணையவில்லை, நாலு சத்தமும் மண்டபம் முழுக்கக் கேட்டது. மகள் நடுவழியில் இறங்கி முன்வரிசைக்கு நடந்து வந்து, என் குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியே சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் மைக்கை விட்டு நகரவில்லை. வாசற்படியில் முதல் ஈரக்கால் பதிந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு நடுவழி நெடுக, சிமெண்டுத் தரையில், என்னை நோக்கி.